தோட்டங்கள் நகரமாகும்போது: வாசகர் கேள்வி பதில்

தோட்டப்புற வீடமைப்பைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டைக் காட்டிலும் ஊரைப் பற்றியே கேட்கின்றன. அது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. இம்முறை ஊரின் வளர்ச்சியைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட்டில். அக்காலத்தில் சம்பள நாளன்று கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. இப்போது ஊரைச் சுற்றிப் புதுப்புதுத் தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்) எழும்புகின்றன. ஆனால் கடைத்தெருவில் மாலையானதும் கதவுகளை இழுத்து மூடிவிடுகிறார்கள். வீடுகள் பெருகினால் ஊரும் செழிக்க வேண்டாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கேள்வி நியாயமானது, ஐயா. வீடுகள் பெருகுவது வேறு, ஊர் வளர்வது வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால்தான் நம் தோட்டப்புற நகரங்கள் பலவும் சுற்றிலும் வீடுகள் கூடக்கூட நடுவில் களையிழந்து வருகின்றன.

அந்தக் கடைத்தெரு எப்படி உருவானது என்பதை முதலில் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் தோட்டங்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. இரயில் நிலையமும் பெரிய சாலையும் தோட்டத்துச் செம்மண் பாதைகளும் கூடும் இடத்தில் இரண்டு வரிசைக் கடைகள் எழும்பின. தொழிலாளிக்குத் தன் காலும் சைக்கிளும் மாட்டுவண்டியுமே போக்குவரத்து என்பதால் மளிகைக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, தையற்கடை, அஞ்சலகம், சந்தை, கோவில் ஆகிய யாவும் சில நிமிட நடைக்குள் நெருங்கி அமைந்தன. கடையின் முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் இருந்ததால் ஒரே தெருவில் பல வியாபாரங்களுக்கு இடம் கிடைத்தது. மேல்மாடியில் கடைக்காரரின் குடும்பம் வாழ்ந்ததால் இரவிலும் தெருவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்தன. ஒரு நகரம் செழிப்பதற்கு வேண்டிய அடிப்படைகள் அனைத்தும், யாரும் பெரிதாகத் திட்டமிடாமலேயே, அந்தத் தெருவில் அமைந்துவிட்டன.

பால்மரத்துக்குத் தேவைப்பட்ட அளவுக்குச் செம்பனைக்கு ஆள் தேவைப்படவில்லை; ஆகவே பயிர் மாறியபோதே சம்பள நாள் கூட்டம் குறையத் தொடங்கிற்று. பிறகு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வந்ததும், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே பழைய கூட்டரசு சாலையில் வந்து உங்கள் ஊரில் தேநீருக்கு நின்ற வாகனங்களில் பெரும்பகுதி மெனோரா சுரங்கப்பாதை வழியாகப் போகத் தொடங்கின. இவற்றைத் தடுக்க ஊரால் முடிந்திராது. ஆனால் புதிய வீடுகளை எங்கே வைப்பது என்பது நம் நாட்டில் மேசையில் அமர்ந்து எடுக்கப்பட்ட முடிவு. அதில்தான் எனக்கு வருத்தம் உண்டு.

நகரத்தை ஒட்டிய நிலம் பல பேரின் பெயரில் சிறு சிறு துண்டுகளாக இருக்கும். தோட்டத்து நிலமோ ஒரே உரிமையாளரிடம் நூற்றுக்கணக்கான ஏக்கராக இருக்கும். வீடமைப்பு நிறுவனத்துக்கு எது எளிது என்று சொல்லத் தேவையில்லை. எனவே தாமான்கள் நகரத்தைவிட்டுத் தள்ளி, தோட்டத்தின் நடுவே எழும்பின. அங்கிருந்து ரொட்டி வாங்குவதற்கும் காரோ மோட்டார் சைக்கிளோ வேண்டும். காரில் ஏறிவிட்ட ஒருவருக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் இருபது கிலோமீட்டருக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. அவர் ஈப்போவில் உள்ள பேரங்காடிக்கே போய்விடுகிறார். உங்கள் கடைத்தெரு வழியாகக் கடந்து போகிறாரே தவிர அங்கே இறங்குவதில்லை.

மலேசிய மக்களில் நகரவாசிகள் 1970இல் 28.4 விழுக்காடு, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடு. நடந்து போகும் தூரத்தில் கடையோ கிளினிக்கோ பேருந்தோ இல்லாத தாமானில் வாழ்பவரும் இந்தக் கணக்கில் நகரவாசிதான். எண்ணிக்கையில் நகரம் வந்துவிட்டது. வாழ்க்கையில் பல இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

தோட்ட நிலத்தில் நல்ல நகரமே எழ முடியாது என்று நான் சொல்லவில்லை. பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தில் உருவானது. கோலாலம்பூரின் வீட்டு நெருக்கடியைக் குறைக்கத் தொடங்கப்பட்ட அந்த ஊரில் வீடுகளோடு தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். வேலைக்குப் போவதற்கு ஊரைவிட்டு வெளியேறியே ஆக வேண்டும் என்ற நிலை அங்கே எல்லாருக்கும் ஏற்படவில்லை. ரப்பர் தோட்டம் வீட்டு நிலமாக மாறிய அந்தச் சமயத்திலேயே மற்ற தேவைகளுக்கும் நிலத்தைக் குறித்து வைத்ததுதான் காரணம்.

உங்கள் கடைத்தெருவுக்கு வருகிறேன். அதன் ஐந்தடி நடைபாதையை ஒருநாள் நிதானமாகப் பாருங்கள். ஒரு கடையின் தரை அடுத்த கடையின் தரையைவிட ஒரு சாண் உயரமாக இருக்கும். இடையில் சாய்தளம் இராது. அடுத்த கடையில் பிளாஸ்டிக் வாளிகளும் நாற்காலிகளும் தூண்வரை அடுக்கப்பட்டிருக்கும். அதற்கும் அடுத்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே நிற்கும். கைத்தடியோடு மருந்து வாங்க வந்த மூதாட்டி ஒவ்வொரு தடங்கலிலும் சாலையில் இறங்கி, லோரிகளுக்கு ஓரமாக நடந்து, மறுபடியும் ஏற வேண்டியிருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் இந்த நடைபாதையைத் தடையின்றி வைத்திருக்க இடமிருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் கூரையிட்ட நடைபாதை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதன் தரையைச் சமப்படுத்திச் சாய்தளம் அமைக்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. கிளினிக்கையும் அரசு அலுவலகங்களையும் புறநகருக்கு மாற்றாமல் நகரத்திலேயே வைத்திருப்பதும், பூட்டிக் கிடக்கும் மேல்மாடிகளில் குடியிருக்க வழி செய்வதும், வாரச் சந்தையைத் தாமான் திடலுக்குப் பதிலாகக் கடைத்தெருவிலேயே நடத்துவதும் அடுத்தடுத்துச் செய்யத்தக்கவை. மக்கள் வந்து இறங்கிவிட்டால் வியாபாரம் தானே திரும்பும்.

கேள்வி: நகரத் திட்டமிடல் மேலைநாட்டார் கொண்டுவந்தது என்று வகுப்பில் படித்தோம். பழந்தமிழரிடம் அது இருந்ததில்லையா?
– ஆறாம் படிவ மாணவர், தாப்பா

பதில்: இருந்தது, தம்பி. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தைப் பாருங்கள். கடலோரமாக வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம் ஒருபுறம். அரசரும் அந்தணரும் உழவரும் வாழ்ந்த பட்டினப்பாக்கம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவில், மரங்கள் அடர்ந்த சோலையில், நாளங்காடி என்னும் பகற்சந்தை. இரு பகுதியினரும் வந்து சேரும் இடைநிலத்தில், நிழலில், சந்தையை வைத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இன்றைய தாமான்களில் மரமில்லாத மூலையில், யாருக்கும் வழியில் இல்லாத இடத்தில், சந்தைக்கூடத்தைக் கட்டிவிட்டு வியாபாரம் நடக்கவில்லை என்று சொல்வதைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும்.

சட்டத்தோடு கூடிய திட்டமிடல் நம் நாட்டில் தொடங்கியது ஆங்கிலேயர் காலத்தில்தான். நியூசிலாந்தில் பிறந்த சார்லஸ் ரீட் 1921இல் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்க நகரத் திட்டமிடுநரானார். அவர் பூங்கா நகரக் கொள்கையில் பற்றுள்ளவர். அக்கொள்கையை வகுத்த எபனேசர் ஹோவர்டின் வழியில் முதல் பூங்கா நகரமான லெட்ச்வர்த் 1903இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. பூங்காவும் மரங்களும் அதன் வெளித்தோற்றம் மட்டுமே. நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும், ஊர் வளர்வதால் நில மதிப்பு ஏறும்போது அந்த ஆதாயம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் உயிர். அந்தப் பகுதியை உலகெங்கும் பெரும்பாலும் விட்டுவிட்டு மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிக்குப் போகும்போது இதையே ஆராயலாம். அடுத்த கேள்விக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கேள்வி: மூன்று தலைமுறையாக நாங்கள் வாழும் தோட்டத்தை வீடமைப்புக்காக விற்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. எங்கள் கோவிலும் தமிழ்ப்பள்ளியும் என்ன ஆகும்? எங்களை யாராவது கேட்பார்களா?
– வாசகி, கோலசிலாங்கூர் வட்டாரம்

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகப் போய்ப் பேசாவிட்டால் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள்.

40 ஹெக்டருக்குக் குறையாத விவசாய நிலம் தேசிய நிலச் சட்டத்தில் தோட்ட நிலம் எனப்படுகிறது. அதைத் துண்டாடி விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த கொடுமைக்குப் பின் வந்த ஏற்பாடு அது. வீடு கட்டுவதற்கு, விவசாயம் என்ற நில வகையைக் கட்டடம் என்று மாற்ற நில அலுவலகத்தின் வழியாக மாநில அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அதோடு 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதியும் வேண்டும். எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் உள்ளூர் வரைவுத் திட்டம் இல்லாத பகுதியில் அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு மன்றம் அறிவிப்பு அனுப்பும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவிப்பு போவது நிலப்பட்டா வைத்திருப்பவருக்கு. தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் உங்கள் பெயரில் பட்டா இல்லையாதலால் அந்தக் கடிதம் உங்கள் வாசலுக்கு வராது. இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

எனவே பேச்சு அடிபடும் இந்த நேரம்தான் சரியான நேரம். கோவில் எந்த லாட்டில் இருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்பதை நில அலுவலகத்தில் பணம் கட்டித் தேடி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோவில் நிலத்தைத் தனியே பிரித்துக் கோவிலின் பெயருக்கு மாற்றித் தரவோ, மாநில அரசாங்கத்திடம் ஒப்படைத்து வழிபாட்டுக்கான ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் பதிவு செய்யவோ விற்பவரிடம் இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். நிலம் கைமாறிய பிறகு கேட்டால் அது சலுகை. இப்போது கேட்டால் அது நிபந்தனை.

பள்ளியின் கதை சற்று வேறு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நாடெங்கும் தோட்டந்தோறும் சிறு சிறு தமிழ்ப்பள்ளிகள் முளைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். குடும்பங்கள் நகரத்துக்கு இடம் பெயர்ந்தபின் பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றுவிட்டது. உங்கள் தோட்டத்தில் புதிய வீடுகள் வரப்போவது பள்ளிக்கு ஆபத்து என்று மட்டும் நினைக்க வேண்டாம். மனை வரைபடத்தில் தமிழ்ப்பள்ளிக்கென்று நிலம் குறிக்கப்பட்டுவிட்டால், அதுவே பள்ளி நூறாண்டு நிலைக்க வழி. அந்த நிலம் வீடுகளிலிருந்து பிள்ளைகள் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு அப்பால் ஒரு மூலையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீட்டைப் பற்றி: புத்ராஜெயா எழுந்த இடம் பெராங் பெசார் தோட்டம். 1990களில் அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, மாடும் கோழியும் வளர்த்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தரைவீடு வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை பல ஆண்டுகள் இழுத்தது. நாட்டின் நிர்வாகத் தலைநகரத்தையே எத்தனை கவனமாகத் திட்டமிட்டார்கள்! அதே கவனத்தில் ஒரு பங்கு அந்த நிலத்தில் உழைத்தவர்களின் குடியிருப்புக்குக் கிடைத்திருந்தால் என்ன என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது. மாற்று வீடு தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே, கோவிலுக்கும் பள்ளிக்கும் அருகில், தரைவீடாக அமைய வேண்டும் என்பதை உங்கள் கோரிக்கையின் முதல் வரியாக எழுதுங்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது, மாணவருக்கு மேலே சொன்ன நில மதிப்புதான். விவசாய நிலம் கட்டட நிலமாகும்போது விலை பல மடங்கு ஏறுகிறது. அந்த உயர்வில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்றால் நிலத்தில் அவருக்கு உரிமை இருந்தாக வேண்டும். அக்கால அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரிடம் சிறு தொகையாகப் பங்குப் பணம் திரட்டி, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கியதன் பொருள் அதுவே. துண்டாடலைத் தடுக்க அவர் எடுத்த அந்த முயற்சியை ஒரு நகரத் திட்டமிடல் முயற்சியாகவும் நாம் படிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தாமான் கட்டப்படுவதற்கு முன் அங்கே ரப்பர் மரங்கள் இருந்தன. அப்போது கீழேயுள்ள கம்பத்தில் (கிராமத்தில்) வெள்ளமே வந்ததில்லையாம். இப்போது ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் ஏறுகிறது. ஏன்?
– வாசகர், பாடாங் செராய்

பதில்: மரங்களும் மண்ணும் உறிஞ்சி மெதுவாக விட்ட மழைநீர், இப்போது கூரையிலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் ஒரே வேகத்தில் காங்கிரீட் கால்வாயில் இறங்குகிறது. நீர்ப்பாசன வடிகால் துறை 2001 முதல் நடைமுறைப்படுத்திய சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வடிகால் கையேடு இதற்காகவே வந்தது. கட்டுமானத்துக்குப் பின் வெளியேறும் வெள்ள நீரின் உச்ச அளவு, கட்டுமானத்துக்கு முன் இருந்த அளவை மிஞ்சக்கூடாது என்பது அதன் அடிப்படை. அதற்காகத்தான் தாமான்களில் நீர்த் தேக்கக் குளம் வைக்கிறார்கள். உங்கள் குளத்துக்குப் போய்ப் பாருங்கள்: வேலியோரம் கொட்டிய பழைய மெத்தைகளும் மண்ணும் புல்லும் சேர்ந்து பாதிக் குளத்தை நிரப்பியிருந்தால், காகிதத்தில் உள்ள கொள்ளளவு அங்கே இல்லை என்று பொருள். படம் எடுத்து, குளத்தை யார் பராமரிக்க வேண்டும் என்று மன்றத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் மேல்தளம் வரை நீர் சூழ்ந்ததைப் பார்த்த பிறகு, இதைச் சிறிய விஷயமாக யாரும் ஒதுக்க முடியாது.

கேள்வி: ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அப்படியிருக்க, உள்ளூர் வரைவுத் திட்டத்தை ஆட்சேபித்து மன்றத்துக்கு எழுதுவதால் என்ன பயன்? எழுதுவதென்றால் எப்படி எழுதுவது?
– வாசகி, பகாவ்

பதில்: உங்கள் மனக்குறையை நானும் பகிர்ந்துகொள்கிறேன், அம்மா. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்த காலம் உண்டு. ஜார்ஜ்டவுனில் 1951லேயே வாக்களித்தார்கள். 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலின்போது தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அதே ஆண்டில் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. ஆதி நாகப்பனின் பரிந்துரை சரியானது என்பதே இன்றும் என் கருத்து. குப்பை எடுப்பதையும் கால்வாய் வெட்டுவதையும் முடிவு செய்பவர் நம் வாக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தால் நம் ஊர்களின் நிலை வேறாக இருந்திருக்கும்.

ஆயினும் அதே சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த மன்ற எல்லைக்குள் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும். மன்றத்தின் முழுக் கூட்டம், மூடிய கூட்டம் என்று மன்றமே தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்தது. கூட்டத் தேதியைக் கேட்டு, நான்கைந்து பேராகப் போய் அமர்ந்து கவனியுங்கள்.

உள்ளூர் வரைவுத் திட்டம் மன்றத்தின் முகப்பில் காட்சிக்கு வைக்கப்படும்போது வண்ண வண்ணமாக ஒரு பெரிய வரைபடம் இருக்கும். அதன் முன் நின்று பலர் தங்கள் வீட்டைத் தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மூலையில் உள்ள குறியீட்டுப் பெட்டியைப் படித்து, உங்கள் தோட்டத்தின் மேல் எந்த வண்ணம் பூசப்பட்டிருக்கிறது, கோவிலும் இடுகாடும் பள்ளியும் அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். குறிக்கப்படவில்லை என்றால் திட்டத்தின் பார்வையில் அவை அங்கே இல்லை. திட்டம் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) தலைமையிலான மாநிலத் திட்டமிடல் குழுவின் ஒப்புதலைப் பெற்று நடைமுறைக்கு வந்தபின், மன்றம் தரும் திட்ட அனுமதிகள் அதையொட்டியே அமையும். அப்போது மாற்றுவது மிகக் கடினம்.

ஆட்சேபக் கடிதத்தை மலாய் மொழியில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மலாய் எழுதுவது சிரமமென்றால் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் உதவி கேளுங்கள். லாட் எண், இப்போது அங்கே என்ன இருக்கிறது, வரைபடம் என்ன காட்டுகிறது, நீங்கள் கேட்கும் மாற்றம் என்ன என்ற விவரங்கள் இருந்தால் போதும். மனக்குமுறலை அதில் கொட்ட வேண்டாம். ஒரே கடிதத்தில் நூறு பேர் கையொப்பமிடுவது நல்லதுதான். அவரவர் நிலைமையை எடுத்துச் சொல்லும் தனித்தனிக் கடிதங்கள் இருபது வந்தால் அவை அதைவிட அதிகமாகக் கவனிக்கப்படும் என்பது என் எண்ணம். விசாரணையில் நேரில் பேச விரும்புகிறேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் சொன்ன தேதி முடிவதற்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் கையிலுள்ள நகலில் மன்றத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.